பின்விளக்கு வரையும் கோடு

எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947-இல் கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. 1954-இல் வந்த ‘மலைக்கள்ளன்’ அதே ஊரின் பட்சிராஜா தயாரிப்பு. கதைக்காகப் பார்த்தவர்கள் இவற்றை வெளிச்சத்துக்காக இன்னொரு தடவை பார்க்கலாம்.

முகத்துக்கு ஒரு பிரதான விளக்கு. அதன் நிழலைத் தணிக்க எதிர்ப்பக்கம் மென்மையாக இன்னொன்று. அழகெல்லாம் மூன்றாவதில்தான்! கருப்பு வெள்ளையில் கருங்கூந்தல் இருட்டுச் சுவரோடு ஒட்டிப்போகும். பின்னால் உயரத்திலிருந்து விழும் விளக்கு, தலைமுடி ஓரத்திலும் தோளிலும் வெள்ளிக்கோடு இழுத்து ஆளைத் தனியே பிரித்துக் காட்டும்.

லென்ஸின் வித்தை வேறு. கோபிச்செட்டிபாளையத்து வயலில் 24 எம்.எம். லென்ஸ் வைத்தால் வரப்பு நீண்டு ஓடும், மலை சிறுத்துப்போகும். கேமராவைப் பின்னுக்கு நகர்த்தி, 135 எம்.எம். மாட்டி, அதே ஆளை அதே அளவில் எடுத்தால் மலை அவர் முதுகுக்குப் பின்னாலேயே எழுந்து நிற்கும்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் கேவா கலரில் வந்தது. அன்றைய வண்ணச்சுருளுக்கு ஒளியுணர்வு குறைவு. விளக்குகளைக் கூட்ட வேண்டும். அல்லது லென்ஸின் துவாரத்தை அகலத் திறக்க வேண்டும். திறந்தாலோ, நடிகர் ஓரடி முன்னே வந்தாலும் முகம் ஃபோகஸ் தப்பி மங்கலாகிவிடும்.