கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

லண்டன் போகிறவர்களின் பட்டியலில் டவர் பிரிட்ஜ், பிரிட்டிஷ் மியூசியம், மேடம் துஸாட் எல்லாம் வந்தபிறகு, கடைசி வரியாக ‘முடிந்தால் ஒரு மியூசிக்கல்’ என்று இருக்கும். அதைத் தலைகீழாக எழுதிப் பாருங்கள். மாலைகளை நாடகத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சமிருக்கும் பகலில் டவர் பிரிட்ஜைப் பார்த்துக்கொள்ளலாம். அது எங்கேயும் போய்விடாது. வெஸ்ட் எண்ட் என்கிற, நடந்தே சுற்றிவிடக்கூடிய வட்டாரத்தில் சுமார் 40 அரங்கங்கள் இருக்கின்றன. ஒரு வாரத்தில் ஐந்தாறு நாடகங்கள் பார்ப்பது முடியாத காரியமல்ல.

ஆனால் அப்படிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாலாவது நாளில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்தப் பாட்டு எந்த நாடகத்தில் வந்தது, எந்த அரங்கில் சுழல் மேடை இருந்தது என்று குழம்பும். அதற்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கதையை முன்னாலேயே தெரிந்துகொண்டு போங்கள்.

சினிமா பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இது அபத்தமாகப் படலாம். ‘முடிவைச் சொல்லிடாதப்பா’ என்று காதைப் பொத்திக்கொள்கிற கூட்டம் நாம். அதே நாம்தான் ‘கர்ண மோட்சம்’ கூத்துக்கு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். கர்ணன் சாவான் என்று தெரியாமலா உட்கார்ந்திருக்கிறோம்? இன்று ராத்திரி, இந்தக் கர்ணன், எப்படிச் சாகிறான் என்று பார்க்கத்தான் போகிறோம். லண்டன் மேடையையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். என்ன சொல்கிறார்கள் என்று துரத்திக்கொண்டிருக்கும் காதுக்கு, எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்க அவகாசம் இருக்காது.

இது அரை மணி நேர வேலை. மியூசிக்கல் என்றால் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் பாடல் ஆல்பத்தை ஒரு தடவை கேட்டால் போதும். ‘ஹாமில்டன்’ மாதிரி ஒன்றுக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். அமெரிக்கா பிறந்த கதையை ராப் வேகத்தில் கொட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் கரைகண்டவர்களுக்கே பாதி நழுவிவிடும். வசன நாடகமாக இருந்தால் பிரதியையே வாங்கிப் படிக்கலாம். தேம்ஸின் தென்கரையில் இருக்கும் நேஷனல் தியேட்டருக்குள் நல்லதொரு நாடகப் புத்தகக் கடை இருக்கிறது. நாடகம் பார்க்காத நாளிலும் நுழைந்து உட்காரக்கூடிய இடம் அது.

விதிக்கு ஒரே விலக்கு, அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’. 1952 நவம்பரில் தொடங்கியது. கொரோனாவுக்காக ஓராண்டுக்கு மேல் நின்றதைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. கொலையாளி யார் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று காட்சி முடிந்ததும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். இதற்கு மட்டும் ஒன்றும் படிக்காமல் போங்கள். பெரிய நாடகம் என்று சொல்ல மாட்டேன். பனியில் சிக்கிக்கொண்ட விடுதி, உள்ளே சிலர், அவர்களில் ஒருவர் கொலைகாரர், அவ்வளவுதான். ஆனால் ஒரே கூடத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை எப்படி நாடகம் போட்டது என்பதற்கு உயிருள்ள சாட்சி இது. கணப்புக்கு மேலே இருக்கும் கடிகாரத்தைக் கவனியுங்கள். முதல் நாள் மேடையில் இருந்த பொருட்களில் இன்றும் மேடையேறுவது அது ஒன்றுதான். செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்கின் முன்கூடத்தில், இன்று நடப்பது எத்தனையாவது காட்சி என்று ஒரு பலகை சொல்லும். 2025இல் அந்த எண் 30,000ஐத் தாண்டியது.

முதல் நாடகமாக எதைப் பார்ப்பது? லைசியம் அரங்கில் 1999 முதல் நடக்கும் ‘தி லயன் கிங்’ என்பேன். குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். கார்ட்டூன் புண்ணியத்தில் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், கண்ணை முழுக்க மேடைக்குக் கொடுத்துவிடலாம்.

விளக்கு அணைந்ததும் ரஃபீக்கியின் ஒற்றைக் குரல். அதற்கு அரங்கின் வேறொரு மூலையிலிருந்து பதில் குரல். பட்டுத் துணிப் பட்டைகளால் ஆன சூரியன் மெல்ல மேலே வருகிறது. இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் அசைந்து வருகின்றன. உற்றுப் பார்த்தால் கைக்கும் காலுக்கும் பொய்க்கால் கட்டிய மனிதர்கள். தலையில் ஒரு மான், இரண்டு கைகளிலும் ஒவ்வொரு மான் என்று ஒருவரே மூன்று மானாகத் துள்ளுகிறார். பின்னாலிருந்து ஏதோ சலசலப்பு; திரும்பினால் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் நடைபாதையில் ஒரு யானை, காலுக்கு ஒருவராக நான்கு பேர் உள்ளே நடக்க, உங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். கதை இன்னும் தொடங்கவேயில்லை, அதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் விஷயம். முஃபாசாவின் முகமூடி நடிகரின் முகத்தை மூடாமல் தலைக்கு மேலே நிற்கிறது. அவர் குனிந்து உறுமும்போது அது முகத்துக்கு முன்னால் இறங்கி, அந்த ஒரு கணம் சிங்கமாகிறார். நிமிர்ந்தால் மறுபடியும் தகப்பன். சிங்கத்தைப் பார்ப்பதா, மனிதரைப் பார்ப்பதா என்று திணறாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஜூலி டேமர் இதை இயக்கியிருக்கிறார். இளமையில் இந்தோனேசியாவில் சில ஆண்டுகள் தங்கி, அங்குள்ள முகமூடிக் கூத்தையும் பாவை ஆட்டத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். வறட்சி வருகிறது என்பதைக் காட்ட, தரையில் விரித்த நீலத் துணி நடுவிலுள்ள ஓட்டைக்குள் மெதுவாக உறிஞ்சப்பட்டுக் காணாமல் போகிறது. குளம் வற்றிவிட்டது. சிங்கப் பெண்கள் அழுவதைக் காட்ட, கண்ணிலிருந்து வெள்ளை நாடாவை உருவி இழுக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த தயாரிப்பில் நெஞ்சைத் தைப்பது இந்த நாடாதான்.

பாவையையும் அதை ஆட்டுகிறவரையும் ஒருசேரக் காட்டும் இந்த மரபு லண்டனில் நன்றாக வேரூன்றிவிட்டது. பாண்டிச்சேரிப் பையனின் கதையான ‘லைஃப் ஆஃப் பை’ 2021இல் விண்டம்ஸ் அரங்கில் மேடையேறியது. அடுத்த ஆண்டு ஒலிவியர் விருதுகளில், சிறந்த துணை நடிகர் விருதை அதில் வரும் பாவைப் புலியை இயக்கிய ஏழு பேருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். பை என்கிற அந்தப் பையனாக நடித்துச் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் இலங்கையில் பிறந்த ஹிரான் அபேசேகர.

கண்ணுக்கு ‘லயன் கிங்’ என்றால் காதுக்கு ‘லே மிஸரப்ள’. 1985இல் பார்பிக்கனில் தொடங்கியது, இப்போது சோண்ட்ஹைம் அரங்கில் நடக்கிறது. ஏறக்குறைய முழுக்கப் பாட்டாகவே நகரும் நாடகம். இதற்குத் தனியாக ஒரு காது வேண்டும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகத்தைச் சொல்லிப் பழகிய காது, இங்கே எந்த மெட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று பிடிக்கட்டும்.

ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளிச் சாமான்களைத் திருடிக்கொண்டு ஓடிய ஜான் வால்ஜான், பாதிரியாரால் மன்னிக்கப்பட்டதும் தனியாக நின்று ஒரு பாட்டு பாடுகிறான். ‘நான் என்ன ஆகிவிட்டேன்’ என்று உடைந்துபோய், பழைய வாழ்க்கையை உதறிவிட்டுப் புதியதில் நுழையும் இடம். இரண்டு மணி நேரம் கழித்து, அவனை ஆயுள் முழுக்கத் துரத்திய போலீஸ்காரன் ஜாவேர், அதே வால்ஜானால் உயிர்ப்பிச்சை கொடுக்கப்பட்டு, சென் நதிப் பாலத்தில் நிற்கிறான். அவன் பாடுவதும் அதே மெட்டு. கருணை கிடைத்ததும் ஒருவன் வாழத் தொடங்குகிறான். அதே கருணையைத் தாங்க முடியாமல் மற்றவன் ஆற்றில் குதிக்கிறான். மேடையில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, இசை மட்டும்தான் சொல்கிறது. ஃபான்ட்டீன் என்கிற பெண் சாகும்போது பாடிய மெட்டு பின்னால் எப்போனின் என்கிற இன்னொரு பெண் பாடும் ‘ஆன் மை ஓன்’ ஆகத் திரும்பி வருவதையும் பாருங்கள். முதல் பாதி முடியும் ‘ஒன் டே மோர்’ பாட்டில் ஒவ்வொரு பாத்திரமும் தன் மெட்டோடு வந்து மோதுவது தனி விருந்து. முன்கூட்டியே ஆல்பம் கேட்காதவர்களுக்கு அது வெறும் இரைச்சல்.

பழைய தயாரிப்பில் தடுப்பரணைச் சுழற்றிக் காட்டிய சுழல் மேடை இப்போது இல்லை என்று பழைய ரசிகர்கள் அங்கலாய்க்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அந்த வருத்தம் தேவையில்லை.

இவ்வளவு பிரம்மாண்டத்துக்குப் பிறகு ஒரு மாலையாவது ஷேக்ஸ்பியர்ஸ் குளோபில் நில்லுங்கள். ஆமாம், நிற்கத்தான் வேண்டும். சாம் வானமேக்கர் என்கிற அமெரிக்க நடிகர் கால் நூற்றாண்டு அலைந்து எழுப்பிய அரங்கம். 1997இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. முற்றத்துக்கு மேலே கூரை கிடையாது. சுமார் 700 பேர் நிற்கலாம், டிக்கெட்டும் மலிவு. மழை வந்தால் குடை பிடிக்கக் கூடாது, பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். ஆகவே மழைக்கோட்டும் நல்ல செருப்பும் அவசியம். சீக்கிரம் போனால் மேடை விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிற்கலாம். நடிகருக்கும் உங்களுக்கும் ஒரே வெளிச்சம் என்பதால் அவர் உங்கள் கண்ணைப் பார்த்தே பேசுவார். இருட்டில் ஒளிந்து பார்த்துப் பழகிய நமக்கு அது முதலில் கூச்சமாக இருக்கும். சோக நாடகமாக இருந்தாலும் முடிவில், செத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் எழுந்து ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். இது கோடைக்கால அரங்கம். குளிர்காலத்தில் போகிறவர்களுக்குப் பக்கத்திலேயே மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் சின்ன உள்ளரங்கம் ஒன்று இருக்கிறது.

இனி இருக்கை. நம்மூர்த் தியேட்டரில் பால்கனி என்றால் விலை கூடுதல். அங்கே உச்சிப் பால்கனிதான் மலிவு. பல அரங்கங்கள் நூறு வருடத்துக்கும் மேல் பழையவை. உச்சியில் படிக்கட்டு செங்குத்தாக இருக்கும், கால் நீட்ட இடமிருக்காது, தலை சுற்றுகிறவர்கள் தவிர்க்கலாம். கீழ்த்தளமான ஸ்டால்ஸின் பின்வரிசைகளில் மேல்மாடம் தாழ்ந்து வந்து மேடையின் உச்சியை வெட்டிவிடும். தூண் மறைக்கும் இருக்கை என்று எழுதியிருந்தால் நிஜமாகவே மறைக்கும். என் கணக்கு இதுதான்: வசன நாடகத்துக்கு முகம் தெரியும்படி ஸ்டால்ஸின் நடு வரிசை, ஆட்டமும் அணிவகுப்பும் நிறைந்த மியூசிக்கலுக்கு முதல் மாடமான டிரஸ் சர்க்கிளின் முன்வரிசை, ‘லயன் கிங்’குக்கு மட்டும் ஸ்டால்ஸில் நடைபாதையை ஒட்டிய இருக்கை. லெஸ்டர் சதுக்கத்தில் டி.கே.டி.எஸ். என்கிற சாவடியில் தள்ளுபடி டிக்கெட் விற்பார்கள். இன்ன நாளில் இன்ன நாடகம் என்று முன்கூட்டியே திட்டம் போடாதவர்களுக்கு நல்ல இடம்.

சென்னையிலிருந்து இறங்கிய அன்றே டிக்கெட் எடுக்காதீர்கள். கோடையில் அங்கே மாலை 7.30 என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு 12. எவ்வளவு பெரிய நடிகர் வந்தாலும் கண் செருகிவிடும். மறுநாள் பகல் காட்சிதான் சரி, 2.30 மணி என்பது நமக்கு இரவு 7, சபா நேரம். பெரும்பாலான நாடகங்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள், அதில் இரண்டு பகலில். 7.30 என்றால் 7.30தான், தாமதமாகப் போனால், பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

நுழையும்போது, இன்று இன்னாருக்குப் பதில் இன்னார் நடிக்கிறார் என்று ஒரு துண்டுச்சீட்டோ அறிவிப்புப் பலகையோ இருந்தால் முகம் வாடவேண்டாம். மாற்று நடிகர்களில் சிலர் ஐந்தாறு வேடங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, எது எப்போது வரும் என்று தெரியாமலே மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். கிடைத்த அன்று பாடுவார்கள் பாருங்கள்!

நமக்கு நெருக்கமான ஓர் அரங்கையும் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அப்பல்லோ விக்டோரியாவில் 2006 முதல் ‘விக்கெட்’ நடக்கிறது. அதே மேடையில்தான் 2002இல் ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது. ‘விக்கெட்’ பார்க்கப் போகிறவர்கள் இடைவேளையில் ஐஸ்கிரீம் டப்பாவோடு நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு பேராசை யோசனை. ஆறு நாடகம் பார்க்கத் திட்டமிட்டிருந்தால் ஐந்தோடு நிறுத்துங்கள். ஆறாவது மாலையை, அந்த வாரத்தில் மிகவும் பிடித்த நாடகத்தை மறுபடி பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஸ்டால்ஸில் பார்த்திருந்தால் இரண்டாம் தடவை உச்சிப் பால்கனியில் மலிவு டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து பார்த்தால் முகங்கள் தெரியாது. யார் எங்கே நகர்கிறார்கள், விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, மேடைக்கு முன்னால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களுக்கு நடத்துநர் எப்போது கை காட்டுகிறார் என்பதெல்லாம் தெரியும்.