நோய்க்குச் சான்றிதழ் உண்டு, படகுக்கு இல்லை

உதவித்தொகை விதிகளை யாரும் ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசிப்பதில்லை. விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் எந்த விதி என்று தேடுவோம். நான் கொஞ்ச நாளாக முன்கூட்டியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வழிகாட்டு நெறிமுறை, 2018 பதிப்பு. பிற்படுத்தப்பட்டோருக்கான மத்தியத் திட்டமும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்ததுதான். அதனால் கடற்கரைப் பிள்ளைகளில் பலருக்கு ஏதோ ஒரு வடிவில் இந்த வாக்கியங்கள் பொருந்தும். இதை எழுதியவர் மனதில் இருந்த மாணவர் யார், அவர் ராமேஸ்வரத்தில் இருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு ஆச்சரியம். தோல்வியை இந்த ஆவணம் அவ்வளவு கடுமையாகப் பார்க்கவில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற முதல் தொகுதிப் படிப்புகளில் முதல் முறை தோற்றால் தொகையைப் புதுப்பிக்கலாம். இரண்டாவது முறைதான் கைவிரிக்கிறது. அடுத்த வகுப்புக்குத் தேறும்வரை செலவை மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும். பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்கு இந்த முதல் மன்னிப்பு எழுதப்படவில்லை. ஏன் என்று விளக்கமும் இல்லை. ஆனால் இன்னொரு விதி அவரைக் காப்பாற்றுகிறது: அரியர் இருந்தாலும் பல்கலைக்கழக விதிப்படி அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டால் அந்த ஆண்டுக்கான தொகை உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் நாலு பேப்பர் வைத்திருக்கும் பையனுக்கு இது பெரிய விஷயம்.

ஆக, மதிப்பெண் அவ்வளவு சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முன் அனுமதி இல்லாமல் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றினால் தொகையை ரத்து செய்யலாம். ஆண்டின் நடுவில் படிப்பை நிறுத்தினால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. தேர்வு எழுத முடியாமல் போனதற்கு நெறிமுறை ஏற்கும் காரணமாக முதலில் நிற்பது நோய். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் அடுத்த ஆண்டு தொகை தொடரும். 2021இல் வந்த புதிய நெறிமுறையில் மத்திய, மாநிலப் பங்கு 60:40 ஆனது, மத்தியப் பங்கு நேராக மாணவரின் ஆதார் இணைத்த கணக்குக்கு வருகிறது, 75 சதவீத வருகை கேட்கப்படுகிறது. விடுதியில் தங்கிக் கலைப் படிப்பு படிப்பவருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 3,000. தொகை மாறியது. மாணவரைப் பார்க்கும் கண் மாறியதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது இதைக் கடற்கரையின் காலண்டர் மேல் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பருவத் தேர்வும் கிட்டத்தட்ட அப்போதுதான். அது முடிந்து படகு கடலில் இறங்கும் நேரத்தில் அடுத்த ஆண்டுக் கட்டணம் வந்து நிற்கும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு அதுதான்.

தடைக்காலமாவது தேதி தெரிந்த கஷ்டம். இலங்கைக் கடற்படை பிடிப்பது அப்படி இல்லை. ஆள் விடுதலையாகி வந்தாலும் படகு வராமல் போகலாம். 2024 பிப்ரவரியில் ராமேஸ்வரம் மீனவர்கள் சிலருக்கு அங்கே சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, ஊர் அந்த ஆண்டு கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தது. வேலைநிறுத்தம் என்றால் போகாத படகுக்கும் வருமானம் இல்லை. அப்பா உள்ளே இருக்கும்போது மதுரையில் விடுதியில் படிக்கும் பிள்ளை என்ன செய்யும்? ஊருக்கு வந்து பக்கத்துக் கல்லூரியில் சேரப் பார்க்கும், இல்லாவிட்டால் ஒரு பருவம் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும். நெறிமுறையின் மொழியில் முதலாவது 'நிறுவன மாற்றம்', இரண்டாவது 'இடைநிறுத்தம்'. காய்ச்சலுக்கு டாக்டர் எழுதித் தருவார். பிடிபட்ட படகுக்கு யார் எழுதித் தருவது?

(வருகைக் கணக்கிலும் தீவுக்காரர்கள் பின்தங்கித்தான் தொடங்குகிறார்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை ராமநாதபுரம் போக பஸ்தான், ஒரு பக்கம் சுமார் 55 கிலோமீட்டர்.)

அமெரிக்காவின் கூட்டாட்சி உதவி விதிகள் இதைவிடக் கறாரானவை. படிப்பின் வழக்கமான அளவில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும், மதிப்பெண்ணுக்கும் வரம்பு உண்டு. ஆனால் பருவத்தின் நடுவில் நின்றால் எத்தனை நாள் படித்தார் என்று கணக்குப் போடுகிறார்கள். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பருவத்தின் தொகை முழுக்க அவருடையது. தகுதி இழந்தவர் மேல்முறையீடு செய்யும் காரணங்களில் நோய், உறவினர் மரணம் என்பதோடு 'பிற சிறப்புச் சூழ்நிலை' என்று ஒரு கதவும் இருக்கிறது. நம்முடையதில் அப்படிப் படிப்படியான கணக்கு இல்லை. அதிகாரியின் விருப்பம்தான். நல்ல அதிகாரி வாய்த்தால் நல்லது.

புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். அது வருவதற்கு முன் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்தது திருமண உதவி: பட்டம் முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும், கல்யாணத்தை ஒட்டி. படிப்பை முடித்தவருக்குப் பரிசு. நடுவில் தடுமாறியவரை அது பார்க்கவே இல்லை. 2022 செப்டம்பரில் அதே பெயரில் மாதம் 1,000 ரூபாயாக மாறியது. மற்ற உதவித்தொகை வாங்கினாலும் இதுவும் கிடைக்கும். மாதாமாதம் வரும் பணம், மாதாமாதம் ஏறி இறங்கும் வருமானத்துக்குச் சரியான வடிவம். 2024 ஆகஸ்டில் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. ஆனால் இவையும் பெயர் கல்லூரிப் பதிவில் இருக்கும்வரைதான். ஒரு பருவம் நின்று திரும்பி வரப்போகிறவருக்குப் பணம் மிகவும் தேவைப்படும் மாதங்களில்தான் அது நிற்கும்.

இத்தனைக்கும் அரசுக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு மாநில அரசே தினசரி உதவித்தொகை தருகிறது. அப்படியானால் யார் பிடிபட்டார், எந்தத் தேதியில், குடும்பத்தில் யார் என்ற கோப்பு மீன்வளத் துறையிடம் இருக்கிறது. மாணவரின் சேர்க்கை நிலை யுமிஸ் தளத்தில் இருக்கிறது. மீன்வளத் துறையின் கடிதத்தை மருத்துவச் சான்றிதழுக்குச் சமமாக ஏற்றுக்கொள்ள, இருக்கும் விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். புதுத் திட்டமோ புதுப் பெயரோ வேண்டியதில்லை.

அந்த வரி வரும்வரை, கல்லூரி மாறப்போகிறவர்கள் டி.சி. வாங்கிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். விதியில் இருப்பது 'முன் அனுமதி'. காரணத்தை எழுதி, கல்லூரி வழியாக விண்ணப்பம் கொடுத்து, தேதியோடு முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் டி.சி. வாங்குங்கள்.