கடிதம் சொல்லாமல் விட்டது

ஷாம்போலியனின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே காட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். 1822 செப்டம்பர் 14. பாரிஸ் நகரத்து மஸாரின் தெரு வீட்டிலிருந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு அவர் அண்ணன் வேலை செய்யும் இடத்துக்கு ஓடுகிறார். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று கத்துகிறார். நினைவு தப்பி விழுகிறார். சில நாட்கள் படுக்கையில் கிடக்கிறார். குடும்பத்தார் பின்னால் சொன்ன கதை இது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாவல் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த மாதிரிக் காட்சிகளிடம் கொஞ்சம் சந்தேகம் உண்டு. மயக்கம் போட்டு விழுந்தவனை வாசகர் ரசிப்பார். அவன் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்க மறந்துவிடுவார்.

பதின்மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 27ஆம் தேதி, அவர் பிரெஞ்சு அறிஞர் சபையில் ஒரு கட்டுரை படித்தார். சபையின் காரியதரிசி தாஸியேவுக்கு எழுதிய கடிதமாக அது அச்சில் வந்தது. எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டு திறந்தது அந்தக் கடிதத்தில்தான் என்பார்கள். மயக்கத்தை விட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். அது சொன்னதைவிடச் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள் அந்த மனிதரை எனக்கு நன்றாகக் காட்டுகின்றன.

அவர் 1790 டிசம்பரில் பிஷாக் என்ற சிற்றூரில் ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தார். வளர்த்தது பன்னிரண்டு வயது மூத்த அண்ணன் ழாக். தம்பியைக் கிரெனோபிளுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தவர் அவர்தான். தம்பி பல மொழிகள் கற்றான். ஆனால் ஆசை வைத்தது காப்டிக் மொழியின் மேல். எகிப்தியக் கிறிஸ்தவர்கள் கிரேக்க எழுத்தில் எழுதி, கோயில் வழிபாட்டில் காப்பாற்றி வைத்திருந்த மொழி அது. பழைய எகிப்திய மொழியின் கடைசி உருவம். பாரிஸில் படிக்கும்போது ஒரு காப்டிக் பாதிரியாரைத் தேடிப்போய்ப் பேசிப் பழகினார். பதினெட்டு வயதில் கிரெனோபிளில் ஆசிரியர். நெப்போலியன் பக்கம் நின்றதால் 1816இல் சொந்த ஊருக்கே நாடு கடத்தினார்கள். வேலையும் போய், உடம்பும் கெட்டு, 1821இல் அண்ணன் வீட்டில் வந்து ஒதுங்கினார். அண்ணனுக்கு அப்போது தாஸியேவிடம்தான் உத்தியோகம்.

1799இல் ரஷீத் என்ற ஊரில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் கண்டெடுத்த கல் ஒன்று அறிஞர்களையெல்லாம் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. கி.மு. 196ஆம் வருஷத்து அரசாணை. மேலே சித்திர எழுத்து, நடுவே எகிப்தியரின் கூட்டெழுத்து, கீழே கிரேக்கம். சித்திரங்கள் ஒலிகள் அல்ல, கருத்துக்கள் என்பதே அன்றைய பொது நம்பிக்கை. ஷாம்போலியனும் 1821இல் அப்படித்தான் அச்சிட்டார். அந்த வருஷக் கடைசியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். கிரேக்கப் பகுதியில் 486 சொற்கள். அதற்கு நேரான சித்திரப் பகுதியிலோ 1,419 குறிகள். ஒரு குறி ஒரு கருத்து என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரிப்படும்? அந்த 1,419ம் வெவ்வேறானவையும் அல்ல. 166 வடிவங்களே திரும்பத் திரும்ப வந்தன. மயக்கம் போட்ட நாளைவிட, பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்து எண்ணிய இந்த நாள்தான் பெரிய நாள் என்பது என் அபிப்பிராயம்.

இந்த எழுத்தின் சூட்சுமத்தைத் தமிழில் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஒரு காலைப் படமாக வரைகிறோம். அது பாதத்தைக் குறிக்கலாம். 'கால்' என்ற ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு நாலில் ஒரு பங்கையும் அதனாலேயே எழுதலாம், காற்றையும் எழுதலாம். எது என்று குழம்பாமலிருக்கப் பக்கத்தில் இன்னொரு சிறு படம் போட்டுவிடலாம். பொருள், ஒலி, அடையாளம் மூன்றும் ஒரே வரியில் கலந்து நடக்கும்.

ஷாம்போலியனுக்கு முன்னாலேயே இந்த வாசலைத் தட்டியவர் ஒருவர் உண்டு: இங்கிலாந்து வைத்தியர் தாமஸ் யங். ஒளி அலையாகப் பரவுகிறது என்று காட்டிய அதே யங். வளையத்துக்குள் எழுதப்பட்ட குறிகள் ராஜாவின் பெயர் என்பதை வைத்துக்கொண்டு, தாலமி என்ற பெயரில் சில ஒலிகளைச் சரியாகவே இனம் கண்டார். 1819இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் அனுபந்தத்தில் அச்சிலும் வந்துவிட்டது.

இனிக் கடிதம். உரைநடை என்ற அளவில் அது உயர்ந்த சரக்கு. ஆர்ப்பாட்டமே கிடையாது. தாலமியையும் கிளியோபாத்ராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ப, ல, ஒ என்ற ஒலிகள் இரண்டிலும் ஒரே குறியாக வந்து நிற்கின்றன. 'த' மட்டும் வேறு குறி. கவலையில்லை, ஓர் ஒலிக்கு இரண்டு குறி இருக்கலாம் என்கிறார். நாம் ந, ன இரண்டையும் வைத்திருப்பதைப் போல. பிறகு அலெக்சாந்தர், ரோமானியச் சக்கரவர்த்திகள் என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே போகிறார். வாசகன் படி தவறாமல் கூடவே ஏறலாம்.

ஆனால் இவையெல்லாம் அந்நியர் பெயர்கள். அவரை உண்மையில் உலுக்கியவை பழைய எகிப்திய அரசர்களின் பெயர்கள். அபு சிம்பல் கோயிலிலிருந்து வந்த படத்தில் ஒரு வளையம். முதலில் சூரியன், கடைசியில் இரண்டு 'ஸ்'. காப்டிக்கில் சூரியனுக்கு 'ரே'. நடுவிலுள்ள குறி, ரஷீத் கல்லில் பிறந்தநாளைச் சொல்லுமிடத்தில் வருகிறது. காப்டிக்கில் பிறப்புக்கு 'மிஸே'. ராம்ஸேஸ்! கிரேக்கர் காலெடுத்து வைப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பெயரும் ஒலியால் எழுதப்பட்டிருக்கிறது. இதைக் கடிதத்தில் அவர் விரித்துச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்து, 1824இல் தனிப் புத்தகமாக எழுதிய பிறகுதான் முழுதும் வெளியிட்டார். இந்த முதல் மௌனம் பெருமைக்குரியது. கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க எத்தனை பேரால் முடியும்?

இரண்டாவது மௌனத்தை நான் அப்படிப் புகழமாட்டேன். யங்கின் பெயர் கடிதத்தில் வராமல் இல்லை; வருகிற இடம் மிகச் சிறியது. அன்று சபையில் யங் நேரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுவருஷம் அவர் வெளியிட்ட புத்தகத்தின் நீண்ட தலைப்பிலேயே, இது என்னுடைய எழுத்து வரிசை, ஷாம்போலியன் அதை விரித்தார் என்று சொல்லிவிட்டார். ஷாம்போலியன் 1824 புத்தகத்தில் பக்கம் பக்கமாக மறுத்தார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. யங்குக்கு அது ஒரு புதிர்; கணக்குப் போடுகிறவரின் சாமர்த்தியத்தோடு அணுகினார்; கொஞ்ச தூரத்தில் வழி நின்றுவிட்டது. ஷாம்போலியனுக்கு அது ஒரு பேச்சு. காப்டிக்கை வருஷக்கணக்காகக் காதில் வைத்திருந்தவருக்குக் கல் பேசியது. கிரீடம் சந்தேகமில்லாமல் அவருடையதுதான். அதனாலேயே எனக்கு வருத்தம். தகுதி இல்லாதவன் நன்றியை ஒளித்தால் புரிந்துகொள்ளலாம். இவருக்கு அது தேவையே இல்லை. ஒரு பத்தி தாராளமாக எழுதியிருந்தால் அவர் இடம் ஓர் அங்குலமும் குறைந்திராது.

யங் 1828இல் பாரிஸ் வந்தபோது ஷாம்போலியன் அவரை நன்றாகவே வரவேற்று, லூவர் காட்சிசாலையில் தம் பொறுப்பிலிருந்தவற்றைப் பார்க்க விட்டார் என்பது கொஞ்சம் ஆறுதல். எகிப்திய கூட்டெழுத்து அகராதியைத் திருத்திக்கொண்டே அடுத்த வருஷம் யங் இறந்தார். ஷாம்போலியன் எகிப்துக்கு ஒரே தடவை போய்வந்தார். 1831இல் அவருக்கென்றே பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார்கள். 1832 மார்ச்சில், நாற்பத்தோரு வயதில், போய்விட்டார். அவருடைய மாணவன் ஸால்வொலினி குருவின் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றைத் திருடித் தன் சரக்காக அச்சிட்டான். அவன் 1838இல் செத்த பிறகே குட்டு வெளிப்பட்டது. இப்படி ஒரு முடிவை நாவலில் வைத்தால், செயற்கை என்று விமரிசகர்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

தம்பியின் இலக்கணத்தை 1836 முதலும், பிறகு அகராதியையும் அச்சேற்றியவர் அண்ணன் ழாக். தம் சொந்த ஆராய்ச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தம்பியின் காகிதங்களோடு உட்கார்ந்தார். தமிழில் யாராவது ஷாம்போலியனின் வாழ்க்கையை எழுத முன்வந்தால் ஒரு வேண்டுகோள்: மயக்கத்துக்கு அரைப் பக்கம் போதும். குறிகளை எண்ணிய அந்த நாளுக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள். யங்குக்கு ஓர் அத்தியாயம். அந்த அண்ணனுக்கு இரண்டு.