எதிரியும் ஒப்பும் ஏது

மணிமேகலையின் 29ஆம் காதையைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். கதை நின்றுவிட்டது என்ற எண்ணம். ஆனால் அங்கேதான் பௌத்தத் துறவி அறவண அடிகள், ஒரு கருத்தை நிறுவ வருபவர் எதை ஏதுவாகக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று காஞ்சியில் மணிமேகலைக்குக் கற்பிக்கிறார். தமிழ் வாத மரபைப் பேசும் எந்தக் கட்டுரையும் அங்கிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன்.

அவர் சொல்வது தின்னாகர் வழி வந்த பௌத்த அளவை. மலையில் நெருப்பு உண்டு என்று நிறுவ வருவது பக்கம், புகை தெரிவது அதற்குக் காரணமான ஏது, புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் அடுக்களை எடுத்துக்காட்டான திட்டாந்தம். இந்த மூன்றிலும் நுழையும் போலிகளைக் காதை ஒவ்வொன்றாக எண்ணுகிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. தன் தாயை மலடி என்பவன் தன் வாயாலேயே கெடுகிறான் என்பது எளிதில் விளங்கும். எதிரி முன்பே ஏற்றுக்கொண்டதை அவனிடமே சாதிக்கப் புகுவதும் குற்றம் என்கிறது காதை.

என்னை நெடுநேரம் நிறுத்தியது அன்னியதராசித்தம் என்ற போலி. ஒலி செய்யப்படுவது, ஆகையால் அழியக்கூடியது என்று பௌத்தன் சாங்கியனிடம் சொல்கிறான். சாங்கியனுக்கோ ஒலி செய்யப்படுவதன்று; முன்பே உள்ளது வெளிப்படுகிறது, அவ்வளவே. ஆகவே அவனிடம் அந்த ஏது செல்லாது. ஏது பொய் என்று யாரும் சொல்லவில்லை. வாதிப்பவர்களுள் ஒருவர் அதை ஒப்பவில்லை, அதுவே போதும். விருத்த வியபிசாரி இன்னும் கடுமையானது. ஒலி அழியும் என்பதற்கு ஒருவன் ஏது காட்ட, அழியாது என்பதற்கு மற்றவனும் அதே வலிமையுள்ள ஏது காட்டினால், இருவர் ஏதுவும் ஐயத்துக்குரியதாகிவிடும். நிலையாமை பௌத்தத்தின் உயிர்க்கொள்கை. அதை நிறுவும் ஏதுவையே போலிக்கு எடுத்துக்காட்டாக வைக்க இந்நூலுக்கு மனம் வந்திருக்கிறது. அந்த நேர்மையை வணங்குகிறேன்.

உண்மையை அறியும் வழிகளான அளவைகள் எத்தனை என்பதில் பள்ளிகள் ஒத்துப்போகவில்லை. உலகாயதனுக்குக் காட்சி ஒன்றே. பௌத்தனுக்குக் கருத்தும் சேர்ந்து இரண்டு. சைவர் காண்டல், கருதல், உரை என மூன்று கொண்டு, பிறர் சொல்லும் மற்றவற்றை இவற்றுள் அடக்குவர். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பகுத்து நடத்துகிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதன் முதல் பாஞ்சராத்திரி வரை 14 பேரை அழைத்து, அவரவர் மதத்தை முதலில் எடுத்துரைத்த பிறகே மறுக்கிறார். சமணரின் நீலகேசியும் ஊர் ஊராகச் சென்று வாதிடுகிறாள். அவள் மறுத்த குண்டலகேசி முழு நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அதன் வாதத்தை அறிய நீலகேசியும் அதற்கு வாமன முனிவர் எழுதிய சமயதிவாகர உரையும் உதவுகின்றன.

இந்த உயரத்திலிருந்து மரபு இறங்கிய இடங்களும் உண்டு. சைவருக்கும் சமணருக்கும் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் மதுரை வாதத்தில் ஏடுகளைத் தீயில் இட்டார்கள், வையையில் விட்டார்கள். எரியாத ஏடும் எதிர்நீச்சல் போட்ட ஏடும் வென்றன. ஏட்டில் உள்ளதை எடைபோட அங்கே யாருக்கும் வேலை இல்லை. தோற்றவர்கள் கழுவேறினார்கள் என்று கதை முடிகிறது. நான் சைவ நூல்களை அன்போடு படிப்பவன். ஆனாலும் வாதத்தின் அளவுகோலைக் கேட்டால் சித்தியாரைத்தான் காட்டுவேன், அந்தக் கதையை அன்று. வள்ளலாரின் பாடல்கள் குறித்து 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அருட்பா மருட்பா பூசலிலும் கண்டன நூல்கள் பெருகின. 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

அதே மணிமேகலையில், புகாரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன் சமய வாதிகளைப் பட்டிமண்டபம் ஏறச் சொன்னான்; பகைவரோடும் சினமும் கலகமும் கொள்ளாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னான். இன்றைய நம் பட்டிமன்றங்களில் கைதட்டலுக்குக் குறைவில்லை. பள்ளி, கல்லூரி மேடைகளிலாவது ஒரு விதியைச் சேர்க்கலாம்: பேச வருபவர் முதலில் எதிரணியின் கட்சியைச் சொல்லட்டும், எதிரணித் தலைவர் 'ஆம், எங்கள் கட்சி அதுதான்' என்று ஒப்பிய பின்பே நடுவர் மணியடித்து அவருக்கு நேரத்தைத் தொடங்கட்டும்.