வள்ளி திருமணம் – மறுமேடையேற்றமும் தர்க்கமும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய இசை நாடகம் 'வள்ளி திருமணம்'. அவர் மறைந்து நூறாண்டு கடந்தும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறுகிறது. இவ்வகையை 'ஸ்பெஷல் நாடகம்' என்பர். நிலையான குழு கிடையாது. தனித்தனியே அமர்த்தப்படும் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில்தான் கூடுகின்றனர்.

அதன் உயிர், வள்ளிக்கும் நாரதருக்கும் நிகழும் தர்க்கம். தினைப்புனம் காக்கும் குறப்பெண், மூவுலகும் சுற்றிய முனிவரை மடக்கிக் கேள்வி கேட்கிறாள். அடுத்த கேள்வி எதிரில் நிற்பவருக்கே தெரியாது. பாட்டில் தடுமாறினால் ஆர்மோனியக்காரர் தாங்குவார்; பதில் தோன்றாவிட்டால் தாங்க ஆளில்லை.

இதனை இரண்டு மணி நேரமாகச் சுருக்குவோருக்குத் தர்க்கத்தை வெட்டுவது எளிது. வெட்டினால் வள்ளி வெறும் மணப்பெண். முருகன் அவளை ஏன் தேடி வந்தான் என்பதே விளங்காது. (வள்ளியை முருகன் மணந்த தலமெனப் போற்றப்படும் திருத்தணிப் பக்கத்துக்காரனான எனக்கு இதில் சற்றுப் பட்சபாதம் உண்டு. எங்கள் தெருக்கூத்தில் பாரதக் கதைகளே மிகுதி.)

பபூன் காட்சி நீள்கிறது, சினிமாப் பாட்டு நுழைகிறது என்று குறை சொல்வோர் உண்டு. தர்க்கம் முழுதாக இருந்தால் அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.