எளிய விளக்கத்துக்கு யார் பொறுப்பு?

அமெரிக்க மத்திய அரசின் அறிவிப்புகள் சாதாரண மக்களுக்குப் புரிவதில்லை என்பது ரொம்பப் பழைய புகார். அதற்குச் சொல்லப்படும் மருந்தும் பழசுதான்: எளிய மொழியில் எழுதுங்கள். சின்ன வாக்கியம், தெரிந்த சொல், சுற்றி வளைக்காத நடை. கொஞ்ச நாளாக ஃபெடரல் ரெஜிஸ்டர் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். படிக்கப் படிக்க இந்த மருந்து மேல் எனக்குச் சந்தேகம் கூடுது. மருந்து தப்பில்லை, ஆனா பாதி மருந்துதான். மீதிப் பாதி என்ன என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம்ம ஊர் கெஜட் மாதிரி, வேலை நாள்தோறும் வரும் அரசிதழ். மத்திய அரசுத் துறைகள் ஒரு விதியைக் கொண்டுவர நினைத்தால் முதலில் இங்கே உத்தேச விதியாகப் போட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, பிறகு இறுதி விதியாக வெளியிட வேண்டும். 1946-ல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம் போட்ட பாதை இது.

இதழ் பிறந்த கதை சுவாரசியமானது. 1930-களில் ரூஸ்வெல்ட் அரசு உத்தரவுக்கு மேல் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. அதையெல்லாம் ஒரே இடத்தில் வெளியிட ஏற்பாடு கிடையாது. பெட்ரோலிய உற்பத்தி பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது: மீறப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த ஷரத்தே அப்போது நடைமுறையில் இல்லை. இடையில் வந்த ஒரு திருத்த உத்தரவில் அது தவறுதலாக விட்டுப்போயிருந்தது! அரசு வக்கீல்களுக்கே தெரியவில்லை. 1935-ல் ஃபெடரல் ரெஜிஸ்டர் சட்டம் வந்தது. 1936 மார்ச் 14-ல் முதல் இதழ் வந்தது.

ஆக, சட்டம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு இடம் கிடைத்தது. ஆனால் அதே சட்டத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. அதில் வெளியாகிவிட்டால் உங்களுக்குத் தெரிவித்துவிட்டதாகவே அர்த்தம். நீங்கள் படித்தீர்களா, படித்தால் புரியுமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை.

இதன் விலை 1947-ல் ஐடஹோ மாநிலத்து விவசாயிகளுக்குத் தெரிந்தது. மெரில் வழக்கு என்பார்கள். 460 ஏக்கர் கோதுமைக்கு அரசுப் பயிர்க் காப்பீடு கேட்டார்கள். அதில் 400 ஏக்கர், குளிர்காலக் கோதுமை போட்டிருந்த நிலத்தில் மறுபடி விதைத்த வசந்தகாலக் கோதுமை. அதை மறைக்கவில்லை, உள்ளூர்க் குழுவிடம் சொன்னார்கள். குழுவும் முழுப் பயிருக்கும் காப்பீடு உண்டு என்று சொன்னது. வறட்சியில் பயிர் பெரும்பாலும் போனது. காப்பீட்டுக் கழகம் கையை விரித்தது: மறுவிதைப்புப் பயிருக்குக் காப்பீடு கிடையாது என்று ஃபெடரல் ரெஜிஸ்டரில் போட்டிருக்கிறோமே! உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜாக்சன் வைத்த வாதம் இது: இந்தச் சலிப்பூட்டும் தடித்த இதழை ஒரு விவசாயி விடாமல் படித்துக்கொண்டிருந்தால் அவருக்குப் பயிரிடவே நேரமிருக்காது, அப்புறம் காப்பீடு எதற்கு?

இந்த வழக்கில் எளிய மொழி விளக்கம் கிடைக்காமல் இல்லை, கவனிங்க. உள்ளூர்க் குழு சொன்னதை விட எளிய விளக்கம் என்ன இருக்க முடியும்? "முழுசுக்கும் உண்டு", அவ்வளவுதான். விவசாயிக்குப் புரிந்தது. நம்பினார். விளக்கம் தப்பாக இருந்தது, நஷ்டம் கேட்டவர் தலையில் விழுந்தது, சொன்னவருக்கு ஒன்றுமில்லை. எளிய மொழி பற்றிய பேச்சில் பெரும்பாலும் காணாமல் போகிற விஷயம் இதுதான்.

அடுத்து வந்த முயற்சிகளை வரிசையாகப் பாருங்க. 1978-ல் அதிபர் கார்ட்டர் விதிகளை எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஆணை போட்டார், 1981-ல் ரீகன் அதை ரத்து செய்தார். 1998-ல் கிளின்டன், ஃபெடரல் ரெஜிஸ்டரில் வரும் விதி ஆவணங்களையும் சேர்த்தே எளிய மொழி வேண்டும் என்று குறிப்பாணை அனுப்பினார். 2010 அக்டோபரில் எளிய எழுத்துச் சட்டம் வந்தது, ஒபாமா கையெழுத்திட்டார். கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போனால் இரண்டு ஓட்டைகள். ஒன்று, விதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. படிவம், கடிதம், கையேடு போன்றவற்றுக்குத்தான். இரண்டு, ஒரு துறை எளிமையாக எழுதவில்லை என்று நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியாது. சட்டமே அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது.

2023 ஜூலையில் இன்னொரு சட்டம். ஒவ்வொரு உத்தேச விதிக்கும் 100 சொல்லுக்கு மிகாத எளிய மொழிச் சுருக்கத்தை இணையத்தில் போட்டு, அறிவிப்பிலேயே அதன் முகவரியைத் தர வேண்டும். எனக்கு உண்மையிலேயே பிடித்த சட்டம் இது. அளவு வைத்தது நல்ல விஷயம். ஆனால் 100 சொல்லில் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் இல்லை. அதனால் என்ன ஆகும்? நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்: "இந்த முன்மொழிவு தற்போதைய தேவைகளை நவீனப்படுத்தி, நடைமுறையை எளிமையாக்கி, சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்தச் செய்யும்." ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல். வாக்கியமும் சின்னதுதான். படித்தவருக்கு என்ன கிடைத்தது? ஒண்ணுமில்லை. அலுவலகம் என்ன செய்கிறது என்று இருக்கிறது. எனக்கு என்ன ஆகும் என்று இல்லை.

ஒரு எளிய விளக்கத்தை எடைபோட வாக்கிய நீளத்தை எண்ண வேண்டியதில்லை. நான்கு கேள்வி போதும். இது யாருக்கு? எப்போதிலிருந்து? இது முன்மொழிவா, முடிவா? யாருக்கு இது இல்லை? நான்காவதுதான் முக்கியம், அதைத்தான் பெரும்பாலும் எழுதுவதில்லை.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம், 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை வந்த எச்-1பி பிரகடனம். மனுவோடு 1 லட்சம் டாலர் கட்டாதவர்களின் நுழைவு கட்டுப்படுத்தப்படுகிறது, ஞாயிறு அதிகாலை 12:01 முதல் அமல். கொள்கை சரியா தப்பா என்பது வேற பதிவு. விளக்கத்தை மட்டும் பார்ப்போம். இந்த வரியின் சாரம் புரியப் பெரிய சட்ட அறிவு வேண்டாம். ஆனால் ஏற்கெனவே விசா வைத்துக்கொண்டு ஊருக்கு வந்திருப்பவர் திரும்பி நுழைந்தால் அதுவும் "நுழைவு"தானே? பிரகடனம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. வணிக அமைச்சர் லுட்னிக் இது வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை என்ற மாதிரி பேசினார். பெரிய கம்பெனிகள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி மெயில் அனுப்பின. சென்னை, ஹைதராபாத், பெங்களூர் என்று எத்தனையோ வீடுகளில் அந்த ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் சனிக்கிழமை விளக்கம் வந்தது: இனிமேல் போடும் புது மனுக்களுக்கு மட்டும், ஒரே தடவை கட்டும் தொகை, இருக்கிற விசாவுக்கு இல்லை. ஃபெடரல் ரெஜிஸ்டரில் அச்சானது அமலுக்கு வந்த பிறகுதான்.

"ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு இது பொருந்தாது" என்று ஒரே ஒரு வரி முதல் நாளே இருந்திருந்தால் எத்தனை பேர் விமான டிக்கெட்டுக்குக் கடன் வாங்கியிருக்க மாட்டார்கள்!

மூன்றாவது கேள்விக்கு இன்னும் வலிக்கிற உதாரணம் இருக்கிறது. 2018 அக்டோபரில் "பொதுச் சுமை" என்ற உத்தேச விதி வெளியானது. அரசு உதவிகளைப் பெற்றால் கிரீன் கார்டு கிடைப்பது கஷ்டமாகலாம் என்பது சாரம். ஃபெடரல் ரெஜிஸ்டரில் 180 பக்கத்துக்கு மேல். அதே டிசம்பரில் அர்பன் இன்ஸ்டிடியூட் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. குடியேறியவர் குடும்பங்களில் வயது வந்தோரில் சுமார் 7-ல் ஒருவர், கிரீன் கார்டுக்குப் பயந்து அந்த ஆண்டில் தானோ குடும்பத்தில் ஒருவரோ உதவித் திட்டங்களைத் தவிர்த்ததாகச் சொன்னார். விதி இறுதியானது 2019 ஆகஸ்டில், அமலுக்கு வந்தது 2020 பிப்ரவரியில். அதாவது விதியே இல்லாத காலத்தில் விதியின் பாதிப்பு நடந்து முடிந்துவிட்டது. பள்ளி மதிய உணவும் தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டமும் அந்த முன்மொழிவின் பட்டியலிலேயே இல்லை. இதெல்லாம் 180 பக்கத்துக்குள் எங்கோ இருக்கிறது. அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டியது பட்டியல் அல்ல, "உங்க குழந்தையோட சாப்பாட்டை நிறுத்தாதீங்க" என்பது.

சரி, அப்போ எல்லாவற்றையும் இப்படிப் பளிச்சென்று சொல்லிவிட்டால் முடிந்ததா? இல்லை. இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜோஷுவா பிளாங்க், லீ ஒசோஃப்ஸ்கி என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2017-ல் அமெரிக்க வருமான வரித்துறையின் எளிய மொழிக் கையேடுகளை ஆராய்ந்து எழுதினார்கள். சிக்கலான சட்டத்தை, சிக்கலே இல்லாத மாதிரி கையேடு காட்டிவிடுகிறது. குழப்பமான இடத்தில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அதுதான் சட்டம் என்பதுபோல் சொல்லிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்குப் பிரச்சனை இல்லை, அவர் கையேட்டைத் தாண்டிப் போவார். கையேட்டை மட்டும் நம்புகிறவர்தான் மாட்டுவார். கையேட்டை நம்பினேன் என்று சொன்னால் கோர்ட்டில் எடுபடாது.

மென்பொருளில் இதே நிலைமை எங்களுக்குத் தினசரி உண்டு. ரீட்மீ ஒன்று சொல்லும், கோட் வேறு செய்யும். கோட்தான் ஜெயிக்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் ரீட்மீயை நம்பிய பயனர் மேல் யாரும் அபராதம் போட மாட்டோம். பக் என்று பதிவு செய்து ரீட்மீயைத் திருத்துவோம். அரசு விளக்கத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஃபெடரல் ரெஜிஸ்டரின் நல்ல இணையதளமே, இது சட்டப்படியான பதிப்பு அல்ல, பிடிஎஃப்-ஐப் பாருங்கள் என்று சொல்கிறது. படிக்க முடிகிற பிரதிக்குச் சட்ட பலம் இல்லை, சட்ட பலம் உள்ள பிரதியைப் படிக்க முடியவில்லை. நானும் இங்கே அதே வரியைத்தான் போட வேண்டியிருக்கு: நான் வக்கீல் இல்லை, பிஇ படிச்சுட்டு கோட் எழுதுறவன், இதை நம்பி உங்க கேஸில் முடிவெடுக்காதீங்க. ஆனா நான் சொல்றதுக்கும் அரசாங்கம் சொல்றதுக்கும் வித்தியாசம் வேண்டாமா?

விளக்கத்தைச் சட்டத்துக்குச் சமமாக்கு என்று நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் அந்த 100 சொல்லையும் வக்கீல்களே எழுதுவார்கள், மறுபடி பழைய கதைதான். மெரில் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்த சிக்கலும் நிஜம்: ஒரு குழு தப்பாகச் சொன்னதற்கெல்லாம் பொதுப் பணம் போக முடியாது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன்மாதிரி அமெரிக்கச் சட்டத்திலேயே உண்டு. 1996-ல் சிறு தொழில்களுக்காக வந்த சட்டம், முக்கியமான விதிகளுக்கு எளிய மொழிக் கையேடு வெளியிடச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. பின்னால் அந்தத் தொழில் மேல் அபராதம் போடும்போது, அபராதம் நியாயமானதா என்று பார்க்க அந்தக் கையேட்டில் எழுதியதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சின்ன ஷரத்துதான். ஆனால் விளக்கம் எழுதுகிறவர் கை அங்கே கொஞ்சம் ஜாக்கிரதையாக ஓடும். தன் எழுத்து நாளைக்குத் தனக்கு எதிரே வந்து நிற்கலாம் என்று தெரியும் இல்லையா?

ஒரு சின்னக் கடைக்காரருக்குக் கொடுத்த இந்தப் பாதுகாப்பைத் தனி மனிதருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் என் கருத்து. அந்த 100 சொல் சுருக்கத்தில் நான்கு கேள்விக்கும் பதில் இருக்கணும். விதி இறுதியாகும்போதும் அதே மாதிரி ஒரு சுருக்கம் தேதியோடு வரணும். அதை நம்பி நேர்மையாக நடந்தவருக்குத் தண்டனை இருக்கக் கூடாது. எளிய மொழியில் நான் மீதிப் பாதி என்று சொன்னது இதைத்தான்.

அதுவரை நம்மால் ஆவது: வாட்ஸ்அப்பில் ஒரு அமெரிக்க அறிவிப்பு வந்தால் ஃபார்வர்டு பண்ணும் முன்னால் மூல அறிவிப்பைத் திறங்க. முழுசும் படிக்க வேண்டாம். மேலேயே "ஆக்‌ஷன்" என்று ஒரு வரி இருக்கும், உத்தேச விதியா இறுதி விதியா என்று அதில் தெரிந்துவிடும். கீழே "டேட்ஸ்" இருக்கும். இந்த இரண்டையும் உங்க மெசேஜில் சேர்த்து அனுப்புங்க. யாருக்கு இது இல்லை என்று தெரிந்தால் அதை முதல் வரியாகப் போடுங்க.