கரையிலிருந்து கண்ட கடல்

தமிழிலக்கியம் கடலைப் பெரும்பாலும் கரையில் நின்றே கண்டது. அகநானூற்று 255ஆம் பாட்டில் வங்கம் இரவுபகலாய் விரைகிறது. மீகாமன் மாடத்து விளக்கொளி நோக்கிச் செலுத்துகிறான். உணர்ச்சியோ பிரிந்திருக்கும் தலைவிக்குரியது. பேராதனையிற் பயின்ற செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ (1973) நாவலிலும் முதன்மைக் களம் நெடுந்தீவுக் கரையின் வாடிகளே.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972) இம்மரபை மீறுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடக்கும் தொங்கான் என்னும் சிறுகலத்தைப் புயல் தாக்குகையில், வாக்கியங்களே துண்டுபட்டு உருள்கின்றன; வாசகனும் தளத்தில் நின்று தள்ளாடுகிறான். அங்கு வீரம் என்பது தாங்கியிருத்தலே. அப்பகுதியே நூலின் பெயராயிற்று. போரில் அலைவுண்ட புலம்பெயர் தமிழர் வாழ்வும் அத்தோணியே.

1938இல் ‘அன்னபூரணி’யை அமெரிக்காவரை செலுத்திய வல்வெட்டித்துறைக் கடலோடிகளுக்கும் அத்தகைய எழுத்து உரியது. ஈழத்து நாவல் வாடியிலிருந்து கலமேறவேண்டும்.